பக்கத்து வீட்டு விக்கரும் மணிக்காரத் தாத்தாவின் நாயும்

26 செப்டம்பர் 2025, வெள்ளி

அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. நாசரேத்திலிருந்து போனில், "ஏட்டி, ஐயரம்மா ஐயரம்மாங்கியே, ஐயர் எங்கட்டி போனாரு?" என்று கேட்கிறாள். எங்கள் ஊர் சிஎஸ்ஐ சபையில் குருவானவர் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா, அவ்வளவுதான் கணக்கு. இங்கே ஆக்ஸ்போர்ட்ஷயரில் எங்கள் கிராமத்துக் குருவானவரே பெண். அவர் வீட்டுக்காரர் வேதியியல் வாத்தியார், சாமி நம்பிக்கை கிடையாது, கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்து கடைசி வரிசையில் பரீட்சைப் பேப்பர் திருத்துவார். சாவுச் செய்தி சொல்லப் போன் செய்கிறவர்கள் ஆம்பிளைக் குரலைக் கேட்டதும் அவரிடமே அடக்க ஆராதனைக்கு நாள் கேட்கிறார்கள். அவரும் பழகிப்போய், "வியாழன் காலியாக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்.

ஒரு விக்கர் (இங்கே ஊர்க் குருவானவரை அப்படித்தான் சொல்வார்கள்), ஐந்து கிராமம், ஐந்து கோயில். நம்மூர் சேகரம் மாதிரிதான் என்று சொன்ன பிறகுதான் அம்மா கொஞ்சம் சமாதானமானாள். நான் இந்தச் சேகரத்தின் செயலாளர். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று யாரோ சொன்னதற்குச் சிரித்தேன். அதைச் சம்மதம் என்று மினிட்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

28 செப்டம்பர், ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஆராதனைக்கு முக்கால் மணி நேரம் முன்னால் விக்கரும் நானும் பீடத்தின் மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு முனையும் பிடித்து, உள்ளே இருப்பது சிந்தாமல், வெளியே தூக்கிக்கொண்டு போனோம். வௌவால் புழுக்கை. கூரையில் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. விரட்டக்கூடாது, அடைந்திருக்கும் இடத்தைத் தொந்தரவு செய்யவும் கூடாது, இந்த நாட்டில் அது குற்றம். "சபையில் வருஷா வருஷம் எண்ணிக்கை ஏறுவது இவங்க மட்டும்தான்" என்றார் விக்கர், துடைத்துக்கொண்டே.

காணிக்கை என்று ஜன்னல் திண்டில் வைத்திருந்ததில் பாதி டின்னில் அடைத்த அவித்த பீன்ஸ், சூப், பாஸ்தா. எல்லாம் ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகிறது, நல்லதுதான். ஆனால் ஏலம் இல்லாத அறுப்பின் பண்டிகை எனக்கு ஒட்டவே இல்லை. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதும், விட்டுக்கொடுக்காத இரண்டு மாமாக்கள் ஒரு சேவலுக்காக முறைத்துக்கொள்வதும் இல்லாமல் என்ன பண்டிகை? இதை விக்கரிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் கண் மின்னியது. அடுத்த வருஷம் ஏலம் போடுகிறவள் நான்தானாம்.

3 அக்டோபர், வெள்ளி

காலையில் செய்தி. இங்கிலாந்து திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயராக சாரா முல்லல்லியை அறிவித்துவிட்டார்கள். 106வது பேராயர், முதல் பெண். குருவாகும் முன்னால் நர்ஸ், இங்கிலாந்தின் தலைமை நர்சிங் அதிகாரியாகவே இருந்தவர். விக்கர் டிரெஸ்ஸிங் கவுனோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று டீக்கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

நான் பயந்தது மணிக்காரத் தாத்தாவை நினைத்து. மணியடிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர், எண்பதைத் தாண்டியவர். பெண் குருவானால் ஒத்துக்கொள்ள மாட்டார். 1992 நவம்பர் 11ஆம் தேதி, குருமார் அல்லாதவர்கள் ஓட்டுப் போடும் சபையோர் மன்றத்தில் இரண்டே ஓட்டு மாறியிருந்தால், பெண்களைக் குருவாக்கும் தீர்மானம் விழுந்திருக்கும் என்று, கையில் வந்த கேட்சைக் கோட்டைவிட்டவர் மாதிரி இன்னும் சொல்வார். 1994 மார்ச்சில் பிரிஸ்டலில் முதல் 32 பெண்களுக்குக் குருவானவர்களாக அபிஷேகம் நடந்த அன்றைக்கு நாள் முழுக்க வேலி கட்டிக்கொண்டிருந்தாராம். அதனால் ஞாயிறு காலையில் மணியை அடித்துவிட்டு, குருவானவர் கையால் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஆராதனை தொடங்குமுன் வீட்டுக்குப் போய்விடுவார். மாலை ஜெபத்துக்கு மட்டும் வந்து உட்காருவார், அதில் திருவிருந்து கிடையாதே, கொள்கைக்குப் பழுதில்லை.

அதே மனிதர் வெள்ளிக்கிழமை தவறாமல் விக்கர் வீட்டு வாசலில் ஆறு முட்டை வைத்துவிட்டுப் போவார். இன்றைக்கும் வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், ஏழு.

4 அக்டோபர், சனி

அசிசி பிரான்சிஸ் நாள், வளர்ப்புப் பிராணிகளை ஆசீர்வதிக்கும் ஆராதனை. நாய்கள், இரண்டு பூனை, ஒரு ஆமை, சட்டைப் பைக்குள் கீரி மாதிரி ஏதோ ஒன்று (பெயர் கேட்டேன், கடித்தது). ஒரு பையன் தீப்பெட்டியில் நத்தை கொண்டுவந்திருந்தான். விக்கர் முழங்கால் போட்டு, தீப்பெட்டியைத் திறந்து, நத்தை தலையை வெளியே நீட்டும்வரை காத்திருந்து ஜெபித்தார். நத்தை அவசரப்படவில்லை. பின்னால் வரிசையில் குரைப்பு ஏறிக்கொண்டே போனது.

வரிசையின் கடைசியில் மணிக்காரத் தாத்தா, கழுத்தில் கயிறு கட்டிய தன் கிழட்டு நாயோடு. எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீங்களா?" என்றார் விக்கர்.

"எனக்குத்தான் கொள்கை. நாய்க்கு அதெல்லாம் கிடையாது."

விக்கர் நாயின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அங்கியில் பை கிடையாது, ஆம்பிளைக்குத் தைத்ததை இடுப்பில் மடித்துக் கட்டியிருக்கிறார், அதனால் பிஸ்கட்டை ஸ்லீவுக்குள் ஒளித்துவைத்திருந்தார். நாய் "ஆமென்"வரை காத்திருக்காமல் ஸ்லீவுக்குள் மூக்கை விட்டுவிட்டது.

5 அக்டோபர், ஞாயிறு

எட்டு மணிக்கு ஒரு ஊர், ஒன்பதரைக்கு இன்னொன்று, பதினொன்றுக்கு எங்கள் ஊர். மூன்று இடத்திலும் திருவிருந்து. பரிசுத்தம்பண்ணின திராட்சரசத்தில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது, குடித்துத்தான் முடிக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று குத்துமதிப்பாக ஊற்றுவார், மழை பெய்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இன்றைக்குக் கொட்டியது. இரண்டாவது கோயிலில் முடித்துவிட்டுக் காரைப் பார்த்தபடியே நின்றாராம். குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்ற சட்டம் குருவானவருக்குத் தனியாக இல்லையே!

வாசலில் பழைய லேண்ட்ரோவர் ஒன்று உறுமிக்கொண்டு நின்றதாம். மணிக்காரத் தாத்தா. விக்கர் கையால் திருவிருந்து எடுக்கமாட்டார், ஆனால் அதைக் குடித்து முடித்தவருக்கு டிரைவராக வருவார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். எங்கள் கோயிலில் இறங்கி, மணியை அடித்துவிட்டு, வழக்கம்போல வீட்டுக்குப் போய்விட்டார்.

12 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்குத்தான் சங்கதி.

இங்கே மணியடிப்பது ராகம் அல்ல, கணக்கு. கோபுரத்தில் ஆறு மணிகள், அடிக்க ஆறு பேர், ஒவ்வொரு சுற்றிலும் மணிகளின் வரிசை மாறும். வந்த வரிசை திரும்ப வராமல் அடித்தால் மொத்தம் 720. அதையெல்லாம் தலைக்குள் வைத்திருக்கும் மனிதருக்குத் தன் நாயைக் கணக்குப் போடத் தெரியவில்லை. அடித்து முடித்துக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பார்த்தால், கூடவே வந்த நாய் காணோம். முன்வரிசையில் விக்கரின் ஸ்லீவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டார், வரவில்லை. இழுத்தார், ஊளையிட்டது. அதற்குள் முதல் பாட்டுத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கடைசி பெஞ்சில் தொப்பியோடு உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்த என்னிடம், "நான் ஆராதனைக்கு வரவில்லை, நாய்க்காகக் காத்திருக்கிறேன்" என்றார், நான் எதுவுமே கேட்காதபோது.

14 அக்டோபர், செவ்வாய்

சேகரக் கமிட்டி. சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டி ஒரே ஒரு பெஞ்சை எடுப்பது பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம். கோயிலில் இப்படி ஒன்றை மாற்ற மறைமாவட்ட நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும், வரைபடம், போட்டோ, அறிவிப்பு எல்லாம் வேண்டும். அந்தப் பெஞ்சில் முப்பது வருஷமாக யாரும் உட்கார்ந்ததில்லை என்று தெரிந்தது. எடுக்கப் போகிறார்கள் என்றதும் மூன்று குடும்பத்துக்கு அது பரம்பரைப் பெஞ்சாகிவிட்டது.

'இதர விஷயங்கள்' என்பதன் கீழ், நாய் என்று ஒரு சொல் மட்டும் எழுதினேன். யாரும் பேசவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். கோபுரக் கடிகாரத்தை முள்ளைப் பிடித்துப் பின்னால் திருப்பமாட்டார் தாத்தா, பெண்டுலத்தை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மாற்ற மறந்தவர்கள் நாலு பேர் சீக்கிரமே வந்து குளிரில் நின்றார்கள். நாயும் ஸ்லீவுக்கு நேராக ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது.

அக்டோபரில் ஞாயிறுதோறும் தலையை எண்ணி அனுப்ப வேண்டும், சபை முழுக்க இந்த மாதம்தான் கணக்கு. விக்கருக்கு ஒவ்வொரு தலையும் முக்கியம். திருவிருந்து நேரத்தில் நாய் நேராக, திருவிருந்து வாங்க முழங்கால் போடும் கம்பி அருகே போய் நின்றது. பிடித்து இழுக்க தாத்தா ஓடினார், கால் வழுக்கி அங்கேயே முழங்கால் போட்டுவிட்டார், கழுத்துக் கயிறு கையில். விக்கர் தட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு கணம் நின்றார். தாத்தா தரையையே பார்த்தார். விக்கர் ஸ்லீவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

எல்லோரும் போனபிறகு நான் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்தவர்கள் 23ஆ 24ஆ? தாத்தா தலையை உள்ளே நீட்டினார்.

"என்னை எழுதிவிடாதே. காத்திருந்தேன், அவ்வளவுதான்."

"மூன்று வாரமாகவா?"

"பிடிவாதக்கார நாய்" என்றார். நாய் ஏற்கெனவே லேண்ட்ரோவரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. மாலை ஜெபத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய விக்கர் பின்சீட்டில், அங்கியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு.