ஜெசெரோவில் தண்ணீர் ஓடிவிட்டது: செவ்வாய் வரைபடமும் என் படிக்கட்டுப் பிரச்சினையும்

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கணினி விளையாட்டுக்காக, செவ்வாய்க் கோளில் இருக்கும் ஜெசெரோ என்ற பெரும்பள்ளத்தை வரைபடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்த விளையாட்டின் மேப் எடிட்டரில், நெரெட்வா பள்ளத்தாக்கு ஜெசெரோவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு நீர் ஊற்றை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் டெல்டா மேட்டைச் சுற்றி இறங்கி, பள்ளத்தின் தரையை மெதுவாக நிரப்பி, ஏறி ஏறி, கடைசியில் கிழக்குக் கரையில் ப்ளீவா பள்ளத்தாக்கின் வாய் வழியாக வெளியே போனது. அந்த வாயை நான் வெட்டவில்லை. ஒரு இடத்தில்கூட நிலத்தைத் தொடவில்லை. உயரத் தரவு சொன்ன வழியிலேயே தண்ணீர் போனது. மூன்று வாரம் இதற்காகத்தான் கிடந்து உழன்றேன்.

விளையாட்டின் முதல் பாகத்துக்குத்தான் செய்கிறேன். அது கேட்பது 1081க்கு 1081 புள்ளி ஹைட்மேப், அதாவது ஒவ்வொரு புள்ளியும் அந்த இடத்தின் உயரத்தைச் சொல்லும் படம்; புள்ளிக்கு 16 மீட்டர், மொத்தம் 17.28 கி.மீ., உயரம் 0 முதல் 1,024 மீட்டர் வரை. ஜெசெரோ சுமார் 45 கி.மீ. அகலம், அப்படியே வைத்தால் கொள்ளாது. அதனால் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினேன், ஒரு புள்ளிக்கு 48 மீட்டர். உயரத்தையும் மூன்றால் வகுத்தால் எல்லாம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடுகிறது, அதனால் அதை மட்டும் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கிய இடமும் டெல்டாவும் இரண்டு பள்ளத்தாக்குகளும் ஒரே சதுரத்தில் வந்துவிடுகின்றன.

உயரத் தரவு, அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் விண்புவியியல் பிரிவு இலவசமாகத் தரும், புள்ளிக்கு 200 மீட்டர் கொண்ட கலவை. மார்ஸ் குளோபல் சர்வேயரில் இருந்த மோலா லேசர் அளவையும், ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸில் இருக்கும் ஹெச்ஆர்எஸ்சி கேமராவின் அளவையும் சேர்த்துத் தைத்தது. முழுக் கோளும் ஒரே கோப்பு, ஏறக்குறைய 11 ஜிபி. இரண்டு தடவை பாதியில் நின்றுபோய் மூன்றாவது தடவைதான் இறங்கியது. அதை நீங்கள் செய்யும்போது, நின்ற இடத்திலிருந்து தொடரத் தெரிந்த இறக்கி ஒன்றைப் பயன்படுத்துங்கள். வெறும் மோலா மட்டும் போதும் என்று நினைத்தால் புள்ளிக்குச் சுமார் 463 மீட்டர்தான் கிடைக்கும், டெல்டா ஒரு சப்பை மேடாகத்தான் தெரியும்.

இப்போது படிக்கட்டு. முதல் முறை ஏற்றியபோது பள்ளத்தின் சரிவு முழுக்க மலைத் தேயிலைத் தோட்டம் மாதிரி அடுக்கடுக்காக வந்தது. சரி, உயரத்தை 256 படிகளில் மட்டும் சொல்லும் 8 பிட் படமாகியிருக்கும் என்று உடனே புரிந்துவிட்டது. 256 படிகளை 1,024 மீட்டருக்குப் பங்கிட்டால் படிக்கு 4 மீட்டர், அது சாலை போடவே விடாது. ஓரத்தை வெட்டுவதற்காக ஒரு படத் திருத்தியில் திறந்தேன், அது ஒரு வார்த்தை சொல்லாமல் 8 பிட்டாகச் சேமித்துவிட்டது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் வரைபடத் தரவைக் கையாளும் ஜிடால் என்ற மென்பொருளிலேயே செய்தேன், 65,536 படிகள் கொண்ட 16 பிட் பிஎன்ஜி படம் வந்தது, பெரிய படிகள் போய்விட்டன.

ஆனால் சின்னப் படிகள் போகவில்லை. பள்ளத்தின் தரையில், மாலை வெயில் சாய்வாக விழும்போது, வரிவரியாக மெல்லிய விளிம்புகள். அரை மீட்டர்தான் இருக்கும். ஆனால் சாலை அதன்மேல் ஏறி இறங்கி நெளிகிறது, ஆழம் குறைந்த தண்ணீரின் கரை செதுக்கி வைத்தது போல நிற்கிறது. மேப் எடிட்டரின் சமப்படுத்தும் தூரிகையால் தேய்க்கலாம், தேய்த்தும் பார்த்தேன். நானே தேய்த்தால் அது ஜெசெரோ இல்லையே. ஒரு வாரம் விளையாட்டின்மேல் சந்தேகப்பட்டேன், பிஎன்ஜிமேல் சந்தேகப்பட்டேன், புள்ளிகளுக்கு இடையிலான உயரத்தைக் கணிக்கும் இடைமதிப்புக் கணக்கை, பக்கத்துப் புள்ளியை அப்படியே எடுக்கும் நியரெஸ்டிலிருந்து, வழவழப்பாக இணைக்கும் க்யூபிக்குக்கு மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

காரணம் வேறு இடத்தில் இருந்தது. மூலக் கோப்பில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கிறது, தசமம் கிடையாது. ஜிடாலில் அதை 200 மீட்டரிலிருந்து 48 மீட்டருக்கு விரிக்கும்போது வெளியீடு எந்த வகை எண் என்று நாம் சொல்லாவிட்டால், மூலத்தின் வகையையே, அதாவது முழு எண்ணையே எடுத்துக்கொள்கிறது. க்யூபிக் என்னதான் அழகாக -2,570.37 என்று கணக்குப் போட்டாலும், எழுதும்போது -2,570 என்று உருட்டிவிடுகிறது. அதாவது வழவழப்பாக்கச் செய்த வேலையின் பலன் கோப்புக்குள் வருவதற்குள் தொலைந்துவிடுகிறது! ஒரு மீட்டர் படி, உயரத்தைப் பாதியாக்கியதும் அரை மீட்டர் படி. நான் பார்த்த வரிகள் அவைதான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் தசமம் தாங்கும் மிதவைப் புள்ளி எண்ணாக மாற்ற வேண்டும். அப்புறம்தான் விரிக்க வேண்டும். மிகச் சமமான இடங்களில் மூலத்திலேயே பல புள்ளிகள் ஒரே மீட்டரில் நிற்கும், அதற்காக தசம நிலையிலேயே இரண்டு மூன்று புள்ளி அகலத்துக்கு பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து வழவழப்பாக்கும் மெல்லிய காசியன் மங்கல் கொடுத்தேன். இதற்கெல்லாம் பிறகு, வெட்டி எடுத்த துண்டின் மிகத் தாழ்ந்த உயரத்தைக் கழித்து, 32ஆல் பெருக்கி, கடைசியில் மட்டும் 16 பிட் முழு எண். 65,536 படிகளை 1,024 மீட்டருக்குப் பங்கிட்டால் விளையாட்டில் ஒரு மீட்டருக்கு 64 எண், நான் உயரத்தைப் பாதியாக்கியதால் 32. கழிக்காமல் விட்டால் செவ்வாயின் எதிர்மறை உயரங்கள் எல்லாம் பூஜ்யமாகி, வெறும் தட்டையான தரைதான் கிடைக்கும்.

இன்னொன்று, ஜெசெரோ நடுக்கோட்டுக்கு வடக்கே 18 டிகிரியில் இருப்பதால், மூலக் கோப்பின் உருளை வரைப்பில் (உருண்டைக் கோளைத் தட்டையாக விரிக்கும் ஒரு முறை) கிழக்கு மேற்காக ஐந்து சதவீதம் இழுபட்டிருக்கும். பள்ளத்தை மையமாக வைத்த வரைப்புக்கு மாற்றுங்கள், செவ்வாயின் ஆரம் 3,396.19 கி.மீ. என்று கொடுத்து. தவறிப் பூமியின் வரைப்பைக் கொடுத்தால் இரண்டும் ஒரே கோளைச் சேர்ந்தவை அல்ல என்று சொல்லி ஜிடால் நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை அணைக்க ஒரு வழி இருக்கிறது, அணைக்காதீர்கள், ஆரத்தைச் சரிசெய்யுங்கள். வெட்டும் சதுரமும் 51,840 மீட்டர் இல்லை, 51,888. 1081 புள்ளி என்றால் நடுவில் 1080 இடைவெளி, ஓரத்தில் அரைப் புள்ளி இரண்டு பக்கமும் சேரும்.

அடுத்து செவ்வாயின் இன்னொரு பெரும்பள்ளமான கேல் பள்ளம் செய்யலாமா என்று மனம் அலைகிறது. 154 கி.மீ. அகலம், நடுவில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் உயரும் ஷார்ப் மலை. முதல் பாகத்தின் 1,024 மீட்டருக்குள் அதை அடக்கினால் பாவம். இரண்டாம் பாகத்தின் 4096 ஹைட்மேப்பில் அடிவாரத்தை மட்டும் எடுத்தால் நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு 200 மீட்டர் தரவு போதாது, செவ்வாயைச் சுற்றும் நாசா விண்கலம் ஒன்றில் இருக்கும் சிடிஎக்ஸ் கேமராவின் 20 மீட்டர் தரவு வேண்டும். இரண்டு துண்டு இறக்கியும் வைத்துவிட்டேன்.

ஜெசெரோவே இன்னும் முடியவில்லை. மண்ணின் நிறம் இன்னும் பூமியின் பச்சைதான், துருச் சிவப்பு தீம் பாதியில் நிற்கிறது. நெடுஞ்சாலையை வரைபடத்தின் ஓரம் வரை கொண்டுபோக வேண்டும், மேற்குக் கரை அதற்கு விடமாட்டேன் என்கிறது, எங்கே வளைத்தாலும் சரிவு அதிகம் என்று சிவப்பு காட்டுகிறது. இன்றைக்கு ராத்திரி ஊற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, தண்ணீர் வெளியே போன அந்த ப்ளீவா கரையோரமாகவே நான்கு வழிச்சாலையை இழுத்துப் பார்க்கப் போகிறேன்.