டிபியாவில் தோற்றவன் சொல்வது

எம்.எஸ். ஆர்த்தோ என்னும் எலும்பு மருத்துவ மேற்படிப்பின் செய்முறைத் தேர்வில் முதல் முறை என்னைக் கவிழ்த்தது, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாதான்; அந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முறிந்த எலும்பின் குழலுக்குள் செலுத்தும் உலோகக் கம்பிக்கு நெயில் என்று பெயர்; மேசையில் கிடந்த அதைத் தேர்வாளர் என் கையில் கொடுத்ததும், அந்த முறையைக் கொண்டுவந்த மருத்துவர் குன்ட்ஷரில் தொடங்கி உலகப் போர்க் கால வரலாறு முழுவதையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டவர், ஓர் உலர்ந்த எலும்பையும் பென்சிலையும் நீட்டினார். "முதல் துளை எங்கே? புள்ளி வை."

வைத்தேன். உள்பக்கம் தள்ளி விழுந்தது.

"முறிவு முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இந்தத் துளை வழியாக நெயில் போனால் கால் எந்தப் பக்கம் வளையும்?" எனக்கு வாய் வரவில்லை. நெயிலின் பக்கத்தில் எலும்பில் போட்டு, அது சாயாமல் மறித்து வளைவைத் தடுக்கும் போலர் திருகைப் பற்றிக் கேட்டபோது, போலர் ஒரு ஜெர்மன் மருத்துவர் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். வண்டிகள் தடம் மாறாமலிருக்கச் சாலையில் நடும் சிறு தூணுக்கு ஜெர்மன் மொழியில் அந்தப் பெயர். அப்படி ஒரு மருத்துவர் கிடையாது.

அடுத்த தேர்வுக்கு முன் நான் செய்த முதல் வேலை, விடுதி அறைக்கு ஓர் எலும்பைக் கொண்டுவந்தது. எக்ஸ்ரே நேர் படத்தில் எலும்பின் உச்சியிலுள்ள வெளிப்புற முகட்டுக்குச் சற்று உள்ளே, பக்கவாட்டுப் படத்தில் மூட்டுப் பரப்பின் முன் விளிம்பில்: அந்தப் புள்ளியைக் கை தானாகத் தேடிப் போகும்வரை வைத்து அழித்தேன். மேல்பகுதியில் எலும்பின் குழல் புனல்போல் விரிந்திருக்கிறது. அதற்குள் மெல்லிய நெயில் அண்டாவுக்குள் நிறுத்திய கரண்டிபோல் சாயும். முழங்கால் சிப்பியிலிருந்து இறங்கும் தசைநார் மேல்துண்டை முன்னால் இழுக்கும். முறிவு முன்னோக்கிப் புடைக்கும், கால் வெளிப்புறம் கோணும். எனவே மேல்துண்டில், நெயிலுக்குப் பின்னால் ஒரு திருகு, வெளிப்பக்கம் ஒரு திருகு. காரணம் புரிந்தால் மனப்பாடம் வேண்டாம். முழங்காலைச் சற்றே மடக்கி வைத்து, சிப்பிக்கு மேலிருந்து நெயில் செலுத்தும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் கேள்வி எதுவானாலும் பதிலைத் தோலில் தொடங்குங்கள். உங்கள் காலின் முன்புறத்தை அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு. அதனால்தான் டிபியா இவ்வளவு எளிதாகக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. திறந்த முறிவின் கடுமையைக் குறிக்கும் கஸ்டிலோ தரத்தை அவசரப் பிரிவில் அறிவிக்காதீர்கள். காயத்தை அறுவை அரங்கில் கழுவி, செத்த திசுவை நீக்கிய பிறகே அது முடிவாகும். ஆன்டிபயாடிக் மட்டும் காத்திருக்கக் கூடாது. அடுத்தது, காலின் தசைகளை உறைபோல் மூடியிருக்கும் நான்கு தசை அறைகள்; முறிவுக்குப் பின் உள்ளே அழுத்தம் ஏறினால் தசை செத்துவிடும். விரலை நீட்டும்போது நோயாளி அலறினால், நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கீழ் ரத்த அழுத்தத்துக்கும் அறை அழுத்தத்துக்கும் இடைவெளி 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் அறைகளைத் திறக்க வேண்டும்.

குழலைக் குடைந்து நெயில் போடுவதா, குடையாமலா என்று கேட்டால், இரண்டையும் ஒப்பிட்டு 2008-இல் வெளிவந்த ஸ்பிரின்ட் ஆய்வைச் சொல்லுங்கள்: மூடிய முறிவில் குடைவதே மேல், திறந்த முறிவில் தெளிவான வேறுபாடு இல்லை. கணுக்கால் மூட்டுக்குள் போகும் முறிவில், எலும்பை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் சட்டம் மாட்டி, வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை உலோகத் தகட்டை (பிளேட்) உள்ளே பொருத்தாதீர்கள்.

காலைச் சுற்றி மாட்டும் இலிசரோவ் வளையச் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் வார்டில் வளையங்களோடு படுத்திருந்த ஒரு கொத்தனார். சீழ் பிடித்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, இடைவெளியை நிரப்ப, நல்ல எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, சட்டத்தின் நட்டைத் திருப்பித் திருப்பி மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தோம். பத்தாம் எண் ஸ்பேனரைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் கால்வாசிச் சுற்று, நாளுக்கு நான்கு முறை, மொத்தம் ஒரு மில்லிமீட்டர். தேர்வுக்கு முந்தைய நாள், "ஏன் ஒரேயடியாகத் திருப்பக் கூடாது?" என்று அவரிடம் கேட்டேன்.

"அவசரப்பட்டால் நடுவில் எலும்பு ஊறாது தம்பி. சோம்பினால் வெட்டிய இடம் முன்னாலேயே ஒட்டிக்கொள்ளும். உங்கள் பெரிய டாக்டர் சொன்னதுதான்."

மறுநாள் அதே கேள்வி வந்தது. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.