அரிவாள்மனைக்குப் பல் வைத்த கதை

பேனாவால் வரைந்த படங்களை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வெக்டராக்கி, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடுகளாக்கிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் மாட்டியது எங்கள் வீட்டு அரிவாள்மனை. பலகை, வளைந்த அலகு, நுனியில் தேங்காய் துருவும் பற்கள்.

போனில் போட்டோ எடுத்ததுதான் முதல் தப்பு. என் தலை நிழல் தாளில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. போட்டோவைத் தானாகக் கோடுகளாக்கும் ‘டிரேஸ் பிட்மேப்’ கொடுத்ததும் நிழலும் மையாகிவிட்டது, ஒரு மூலை முழுக்கக் கறுப்பு. பிரைட்னஸ் அளவை 0.45இலிருந்து குறைத்தால் நிழல் போகிறது, கூடவே மெல்லிய கோடுகளும் போகின்றன. சரி என்று கடைக்குப் போய் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து வந்தேன்.

இப்போது சுத்தமாக வந்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால், நான் வரைந்த ஒரு கோட்டுக்கு அது இரண்டு கரை கட்டி வைத்திருக்கிறது. அதற்குத் தெரிவது மை படிந்த இடம் மட்டும்தானே. அலகின் முதுகில் மட்டும் 74 நோடுகள், அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள்! கண்ட்ரோல் எல் அழுத்திக் குறைத்தால் நுனி மழுங்குகிறது. 1.0 பதிப்பில் வந்த சென்டர்லைன் முறை நடுக்கோட்டைத்தான் எடுக்கிறது, ஆனால் கோடுகள் சேரும் இடமெல்லாம் முடிச்சு.

கடைசியில் ஸ்கேனை மங்கலாக்கி, அடி லேயரில் பூட்டிவிட்டு, மென்பொருளில் இருக்கும் பெசியர் பேனா என்ற கருவியால் நானே மேலே வரைந்தேன். அதே முதுகுக்கு இரண்டே நோடு போதுமாக இருந்தது. நோடுகளின் கைப்பிடிகளை இழுக்க இழுக்க வளைவு கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. (இந்த வளைவுக் கணக்கு கார் வடிவமைப்பில் பிறந்தது. 1960களில் ரெனோவில் பியர் பெசியர், அவருக்குச் சற்று முன்பே சிட்ரோயெனில் பால் தெ காஸ்தெல்ஜோ. தகரத்துக்குப் போட்ட கணக்கு இரும்பு அலகுக்கும் சரியாக வருகிறது.)

பற்களில்தான் ஒரு மாலை போனது. கையால் வரைந்த பதினொன்றும் பதினொரு தினுசு. ஒரே ஒரு பல் வரைந்து, அதன் சுழற்சி மையத்தைத் துருவியின் நடுவுக்கு நகர்த்தி, நகல்களை வரிசையாக அடுக்கும் ‘டைல்டு குளோன்ஸ்’ போய் 18 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றச் சொன்னேன். அரைவட்டமாக நிற்க வேண்டியவை திரைக்கு வெளியே ஊர்வலம் போயின. ஒவ்வொரு நகலும் தள்ளித் தள்ளிப் போகாமலிருக்க, ஷிஃப்ட் பகுதியில் ‘எக்ஸ்க்ளூட் டைல்’ டிக் செய்ய வேண்டுமாம். செய்ததும் வரிசைக்கு வந்தன. அப்புறம் முதல் பல்லைக் கொஞ்சம் கூராக்கினேன், மற்ற பத்தும் தானாகக் கூராகின. அந்த ஒரு நொடிக்காகவே இன்னொரு மாலையும் கொடுக்கலாம்.

பலகையின் ஓரத்தை மட்டும் நேராக்கவில்லை. கை நடுங்கின கோடு அங்கே நன்றாக இருந்தது.

சதுர ஸ்டிக்கருக்குள் அடங்கட்டும் என்று பலகையைக் குட்டையாக்கி, அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலை எங்கடா வைக்கிறது?” என்றார்.

பலகையின் கடைசி இரண்டு நோடுகளைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். அரை நிமிட வேலை. ஸ்டிக்கர் இனி செவ்வகம்.