ஓட்டமும் ஒரு சாக்கும்

ஞாயிறு விடிய ஐந்தரைக்கு திருகோணமலை டச்சு பே கடற்கரையில் கூடுவம். பாதி நேரம் ஓட்டம், பாதி நேரம் குப்பை பொறுக்குதல். சுவீடனில் 2016இல் இதற்கு ‘ப்ளொகிங்’ என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கு இது ஓடிக்கொண்டே செய்கிற சிரமதானம்.

போன கிழமை மண்ணுக்குள் ஒரு நைலோன் வலைத்துண்டு. நாலு பேர் இழுத்தும் அசையவில்லை. “கையால இழுக்காதீங்க தங்கச்சி, காலை ஊண்டிச் சாஞ்சு இழுங்க” என்றார் கரைவலை இழுக்கிற ஐயா ஒருவர். வந்துவிட்டது! தொடை இரண்டு நாள் வலித்தது.

எனக்கு மான்களை நினைத்துத்தான் இந்தப் பதைப்பு. கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான், சோறு சுற்றிய லஞ்ச் சீட்டை மென்றுகொண்டு நின்றது. அன்றைக்குத்தான் சாக்கை எடுத்தேன். இப்போது ஓட்டத்தைக் கோட்டை ரோட்டில்தான் முடிக்கிறோம்.