சுமிதா ஆற்றங்கரையில் முள்ளங்கிப் பிள்ளையார்

டோக்கியோவில் ஒரு பிள்ளையார் இருக்கிறார், அவருக்கு முள்ளங்கிதான் படையல் என்று என் கல்லூரித் தோழி தொலைபேசியில் சொன்னபோது, கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நிஷி கசாயில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவள் அவள். "நீ கிளம்பி வா, நானே அழைத்துப் போகிறேன்" என்றாள். ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு ஃபுஜி மலை மேல் கண் என்றால், எனக்கு இந்தப் பிள்ளையார் மேல்தான்.

தோசாய் ரயிலில் ஏறி, நிஹோன்பாஷியில் கின்சா ரயிலுக்கு மாறி அசகுசாவில் இறங்கினோம். முதலில் சென்சோஜி என்ற பௌத்தக் கோயில். பௌத்தர்களின் கருணை வடிவான அவலோகிதேஸ்வரரைத்தான் ஜப்பானியர் கன்னோன் என்று வணங்குகிறார்கள். 628இல் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த சகோதரர் இருவரின் வலையில் கன்னோன் சிலை சிக்கியது என்பது தலவரலாறு. 1945இல் குண்டுவீச்சில் எரிந்து, 1958இல் மீண்டும் எழுந்த பிரதான மண்டபம் இது. வாசலில் பெரிய தூபக்கலம்; கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்வதுபோல் புகையைக் கையால் அள்ளித் தலையிலும் தோளிலும் தடவிக்கொள்கிறார்கள். கடைவீதிக் கூட்டத்தில் அதிக நேரம் நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

அங்கிருந்து ஆற்றை ஒட்டி வடக்கே சிறிது தூரம் நடந்தால் நான் தேடி வந்த பிள்ளையாரின் கோயில், மட்சுச்சியாமா ஷோடென். யாமா என்றால் மலை; மலை என்று சொன்னாலும் சிறு மேடுதான். 595இல் இந்த மேடு திடீரென்று பூமியிலிருந்து எழுந்ததாம், பொன் நாகம் ஒன்று இறங்கி வந்து அதைக் காத்ததாம். சில ஆண்டுகள் கழித்துக் கடும் வறட்சி வந்தபோது ஷோடென், அதாவது நம் விநாயகர், தோன்றி மக்களைக் காப்பாற்றினார் என்கிறார்கள். படியேற முடியாத முதியவர்களுக்காகச் சரிவில் ஒரு குட்டி ரயில் பெட்டி ஓடுகிறது. நாங்கள் படியேறினோம்.

கண் போன இடமெல்லாம் இரண்டு சின்னங்கள். ஒன்று, காதலரைப் போலப் பின்னிக்கொண்ட இரட்டை முள்ளங்கி. தம்பதி ஒற்றுமைக்கும் உடல்நலத்துக்கும். மற்றொன்று பணமுடிப்பு, வியாபாரத்துக்கு. நம் ஊர் வேண்டுதல்களும் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுமே!

கோயிலிலேயே முள்ளங்கி விற்கிறார்கள். முழங்கை நீளத்துக்கு, மண் துளியும் இல்லாமல் கழுவிய வெள்ளை முள்ளங்கி. கையில் எடுத்தால் சில்லென்று கனக்கிறது. அது நம் மனத்தில் இருக்கும் கோபத்தின் வடிவமாம். சுவாமியிடம் கொடுத்துவிட்டால் அந்த நஞ்சை அவர் நீக்கிவிடுவார். "உனக்கு ஒன்று போதாதே" என்றாள் தோழி. அந்த இடத்திலேயே எனக்குக் கோபம் வந்தது.

காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் விளக்குகள், பொன் அலங்காரம், வரிசையாக முள்ளங்கிகள். விக்கிரகத்தை மட்டும் காணவில்லை. யாருக்கும் காட்டுவதில்லை. யானை முகம் கொண்ட இருவர் தழுவி நிற்கும் வடிவம் என்கிறார்கள். இடையூறு செய்த விநாயகரை அடக்கக் கன்னோன் பெண் வடிவெடுத்து வந்து தழுவிக்கொண்டாள் என்பது கதை. மூடிய கதவுக்குள் அந்தத் திருமேனிக்குச் சூடான எண்ணெயை வார்த்துப் பூஜை செய்வார்களாம். எண்ணெய்க் காப்பு கடல் தாண்டியும் அவரை விடவில்லை! கொழுக்கட்டையும் அப்படித்தான். மாவுக்குள் வாசனைப் பூரணம் வைத்து, பணமுடிப்புபோல் மடித்து, எள்ளெண்ணெயில் பொரித்த கங்கிதான் என்ற பலகாரம் கியோத்தோவில் இன்றும் கிடைக்கிறது.

ஜப்பானியருக்கு இவரிடம் பயம் அதிகம். கேட்டதைக் கொடுப்பார், ஆனால் நேர்ந்துகொண்டதை மறந்தால் விடமாட்டார் என்கிறார்கள். அரசமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவசரமாகக் குட்டிக்கொள்ளும் நம் பிள்ளையாரையே அறிந்த எனக்கு, இந்தக் கண்டிப்பு வியப்பாக இருந்தது. பயம் மட்டும் வரவில்லை. சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் இருக்கும் வெளியையே சுவாமி என்று கும்பிட்டவர்கள்தானே நாம்? ஓரமாக நின்று தலையில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். பக்கத்தில் ஜபித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். எங்களைக் கடிந்துகொள்ள யாரும் வரவில்லை.

படைத்த முள்ளங்கிகளைப் பிறகு பக்தர்களுக்கே பிரசாதமாகக் கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. யாருடைய கோபமோ! அன்று இரவே தோழி அதை வட்டவட்டமாக நறுக்கி, ஊரிலிருந்து நான் கொண்டுபோன பொடியைப் போட்டுச் சாம்பார் வைத்தாள். நம் முள்ளங்கியின் காரம் இல்லை, லேசான இனிப்பு. புளியைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஜனவரி 7 அன்று அங்கே முள்ளங்கித் திருவிழா, வேகவைத்த முள்ளங்கியைச் சுடச்சுடக் கொடுப்பார்கள் என்று பரிமாறும்போது சொன்னாள். அடுத்த முறை அந்தத் தேதிக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.