மூழ்கிய மணிகள்

"கொஞ்ச நாள் வண்டி ஓடட்டும் சார். கோடு தானா கண்ணைத் திறக்கும்."

சாலையில் புதிதாக இழுத்த வெள்ளைக் கோடு இரவில் விளக்கொளியைச் சரியாகத் திருப்பித் தரவில்லை என்றதற்கு மேஸ்திரி சொன்னது இவ்வளவுதான். "அதெல்லாம் முடியாதுண்ணே, திரும்பப் போட்டுடுங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான்தான் அந்த ஒரு வரியோடு இன்னும் மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் பக்கம் நியாயத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டின் மேல் தூவும் கண்ணாடி மணி பாதிக்குச் சற்று கூடுதலாக, 50 முதல் 60 சதவீதம் வரை, பூச்சுக்குள் புதைந்திருக்க வேண்டும். குறைந்தால் டயர் பிடுங்கிக்கொண்டு போய்விடும். முழுக்க மூழ்கினால் விளக்கொளி மணிக்குள் நுழையவே வழியில்லை. நுழைந்தால்தானே அது வளைந்து, மணிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைப் பூச்சில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்பும்? கோடு போடும் சரக்கான தெர்மோபிளாஸ்டிக்கை, அதாவது சூட்டில் இளகி ஆறினால் இறுகும் பூச்சை, 180, 200 டிகிரிக்குக் காய்ச்சித்தான் இழுக்கிறோம். அன்றைக்குச் சரக்கு ரொம்பவே இளகியிருந்தது. லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தேன். மணிகள் மினுங்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள், ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய வெள்ளைத் தோல். விரல் நகத்தால் சுரண்டினால் அடியில் ஒரு பளபளப்பு தெரிந்தது. புதுக் கோடு திருப்பி அனுப்பும் ஒளிக்கு ஒப்பந்தம் 300 மில்லிகேண்டெலா என்று அளவு கேட்டிருந்தது. அதை அளக்கும் மீட்டர் அதில் பாதியைத் தாண்டவே திணறியது.

ஆனால் மேஸ்திரி சொன்னதிலும் பொய்யில்லையே. அந்தத் தோல் வண்டி ஓட ஓடத் தேயும். சரக்குக்குள்ளேயே மணி கலந்து வருவதும் அதற்காகத்தான்: மேலே தூவியது உதிர்ந்த பிறகு, பூச்சு தேயத் தேய உள்ளே இருப்பது வெளியே வரவேண்டும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் முடியாது என்றேன்.

மீட்டரை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்: அதற்குள் ஒரு ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். கண் 1.2 மீட்டர் உயரத்தில், கார் விளக்கு 0.65 மீட்டர் உயரத்தில், பார்ப்பது 30 மீட்டர் முன்னால் இருக்கும் கோட்டை. அளவு எடுக்கும் கணக்கே அதுதான். அந்த ஆளிடம் போய், அடுத்த மாதம் நன்றாகத் தெரியும், அதுவரை சமாளித்துக்கொள் என்று சொல்ல முடியுமா? இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே என் கட்சி பலமாகிவிட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம் மறுபடி போட்டோம். சுரண்டி எடுக்க நேரமில்லை, பழையதன் மேலேயே புதுப் பூச்சு ஏறியது. மீட்டர் சந்தோஷப்பட்டது. கோடு தடித்துவிட்டது. மழை பெய்தால் அதன் ஓரத்தில் தண்ணீர் தேங்கும். இரவில் தண்ணீர்ப் படலம் மணியை மூடிவிட்டால், எவ்வளவு அழகாகப் புதைந்த மணியாக இருந்தாலும் ஒளி திரும்பி வராது. இதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது. நானும் கேட்கவில்லை, மேஸ்திரியும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடைசியில் சரக்கு தீர்ந்து ஒரு சின்னத் துண்டு மட்டும் பழையபடியே நின்றுபோனது. பிறகு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, மீட்டர் வண்டியிலேயே இருந்ததால் இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தேன். விட்ட துண்டு ஏறியிருந்தது. திரும்பப் போட்டது, புதுக் கோடுகள் வழக்கமாக இறங்குவதுபோல இறங்கியிருந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன.

அவர்தான் சரி என்று இதை வைத்து எழுதிக்கொடுக்க மாட்டேன். அந்தத் துண்டு நாளின் கடைசியில் இழுத்தது, அதற்குள் சரக்கின் சூடு இறங்கியிருக்கலாம், மணி அங்கே அவ்வளவு ஆழம் போகாமலே இருந்திருக்கலாம். தவிர, அது ஏறுவதற்கு முன்பிருந்த இரவுகளை எந்தக் கணக்கில் வைப்பது? அதே சமயம், மறுபடி போட்ட செலவும் ஆட்களின் இன்னொரு ராத்திரித் தூக்கமும் போய் எனக்குக் கிடைத்தது என்ன என்று யாராவது கேட்டால், தாளில் ஒரு நல்ல எண் என்பதைத் தாண்டிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருக்கிறது. அதுவும் பையன்கள் முன்னால், என்னைவிட வயதில் மூத்தவரிடம், காரணம்கூடச் சொல்லாமல் முடியாது என்றது வேறு.

அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது, முதல் அளவில் தவறும் கோட்டைச் சில வாரம் கழித்து இன்னொரு முறை அளக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "அந்தச் சில வாரத்துக்குள் ஏதாவது ஆச்சுன்னா யார் கையெழுத்து போட்டதுன்னு கேப்பாங்க, நீங்க போடுறீங்களா?" என்றார்கள். அந்த வரியை நானே அடித்துவிட்டேன்.