டேங்கில் மிச்சமிருந்தது

26 வருஷம் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் வேலை பார்த்தேன். பௌசரை, அதாவது எரிபொருள் லாரியை, இறக்கையோரம் கொண்டுபோய் நிறுத்தி, நிலைமின்சாரத்தால் பொறி பறக்காமல் இருக்க எர்த்திங் வயரை மாட்டியதும் ஒரு சின்ன சோதனை உண்டு. சிரிஞ்சின் முனையில் மஞ்சள் காப்ஸ்யூலைச் செருகிக் கொஞ்சம் எரிபொருளை உறிஞ்ச வேண்டும். மஞ்சள் அப்படியே இருந்தால் சரி. பச்சை தட்டினால் தண்ணீர் கலந்திருக்கிறது. நடுராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் அந்த மஞ்சளை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. பார்க்காமல் ஒரு தடவையும் ஹோஸைப் பூட்டியதில்லை.

நைட் ஷிஃப்டில் இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் படிப்பேன். அப்படித்தான் 1944 ஜூனில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த பிலிப்பைன் கடல் போர் என்னைப் பிடித்துக்கொண்டது. யார் எத்தனை விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்றுதான் பலர் அதைப் பேசுவார்கள். எனக்கு அது முழுக்க முழுக்க எரிபொருளின் கதை.

ஜூன் 19-ல் ஜப்பான் 300-க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. அன்றே அவர்களுடைய புத்தம்புது விமானந்தாங்கிக் கப்பலான தைஹோவும் போனது. அமெரிக்க நீர்மூழ்கி ஆல்பகோர் விட்ட ஒரே ஒரு டார்பிடோதான் பட்டது. அடி வாங்கிய பிறகும் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே பெட்ரோல் தொட்டி விரிசல் விட்டிருந்தது. பெட்ரோல் ஆவியை வெளியேற்ற நினைத்துக் காற்றோட்டக் குழாய்களை முழுக்கத் திறந்தார்கள். அந்த ஆவி கப்பல் முழுவதும் பரவியது. சுமார் ஆறு மணி நேரம் கழித்து ஒரு பொறி. கப்பல் வெடித்தது. ஆவிக்குப் பயந்தே காலம் கழித்தவன் நான். அந்தப் பக்கத்தைப் படித்த இரவு, வேலைக்கு எழுந்துபோய் எர்த்திங் கிளிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் ஜூன் 20. எதிரிக் கப்பல்கள் கண்ணில் பட்டதே பிற்பகலில்தான். அமெரிக்க விமானந்தாங்கிகளின் தலைவர் மார்க் மிட்ஷர் 200-க்கும் மேற்பட்ட விமானங்களை ஏவினார். அவை கிளம்பிய பிறகு திருத்திய தகவல் வந்தது: எதிரி சொன்ன இடத்தில் இல்லை, இன்னும் 60 கடல் மைல் தள்ளி இருக்கிறான். மிட்ஷர் அடுத்த அணியை நிறுத்திவிட்டார். போனவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அந்த 60 மைல், போக வர 120. டேங்க்கை நிரப்பிவிட்டவனுக்கு அது என்ன கணக்கு என்று உடனே தெரிந்திருக்கும்.

அந்தி சாயும் நேரத்தில் தாக்கினார்கள். ஹியோ என்ற விமானந்தாங்கி மூழ்கியது. திரும்பும்போது கும்மிருட்டு. இரவில் கப்பல் தளத்தில் இறங்கிப் பழக்கமில்லாத விமானிகள் ஏராளம். கப்பல்களும் போர்க்கால வழக்கப்படி விளக்கணைத்து இருந்தன. விளக்கைப் போட்டால் எதிரி நீர்மூழ்கிக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். மிட்ஷர் போடச் சொன்னார். தேடுவிளக்குகள் வானத்தை நோக்கி எழுந்தன, நாசகாரிக் கப்பல்கள் ஒளிக்குண்டுகளைச் சுட்டன. எந்தக் கப்பல் கண்ணில் படுகிறதோ அதில் இறங்கலாம் என்று உத்தரவு.

இந்த மிட்ஷரே ஒரு பழைய விமானி. 1919-ல் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட என்.சி.1 என்ற பறக்கும் படகில் இருந்தவர். அசோர்ஸ் தீவுகளுக்குக் கிட்டே மூடுபனியில் அது கடலில் இறங்கி, அலையில் சிக்கி, ஒரு கிரேக்கக் கப்பல் வந்து காப்பாற்றியது. விளக்கைப் போடச் சொன்னபோது அது அவர் மனதில் வந்துபோயிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

விளக்கு போட்டும் எல்லோரும் தப்பவில்லை. ஒரு விமானம் தளத்தில் மோதிக் கிடந்தால், அதை அப்புறப்படுத்தும்வரை பின்னால் வருபவன் சுற்ற வேண்டும். சுற்ற எரிபொருள் ஏது? சண்டையில் இழந்தது சுமார் 20 விமானங்கள். எரிபொருள் தீர்ந்தும் இறங்கும்போது மோதியும் போனவை சுமார் 80. புது மாடல் குண்டுவீச்சு விமானங்களான ஹெல்டைவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. பழசு என்று ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்த டான்ட்லெஸ் விமானங்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்தன.

எங்கள் வேலையிலும் ஒரு கணக்கு உண்டு. நாங்கள் லிட்டரில் ஊற்றுவோம், விமானி கிலோவில் கேட்பார். ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.8 கிலோ; சூட்டுக்குத் தகுந்தபடி மாறும். ஒரு மழை இரவில் என் மீட்டர் காட்டியதும் விமானத்தின் கேஜ் காட்டியதும் ஒத்துப்போகவில்லை. "நேரமாகுதுப்பா, ரசீதுல கையெழுத்தப் போடு" என்றார் மேலதிகாரி. "சார், டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு தெரியாம எப்படி சார் போடறது?" என்றேன். நாற்பது நிமிடம் தாமதம். ஒரு பக்கத்து கேஜ் தப்பாகக் காட்டியது பிறகு தெரிந்தது. ஆனாலும் மறுநாள் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அது அன்றைக்கும் வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது.

மெமோ வந்த அன்று நான் நினைத்துக்கொண்டது அந்தக் கப்பல்களில் இருந்த, பெயர் தெரியாத என் கூட்டாளிகளைத்தான். மதியம் தன் கையால் டேங்க்கை நிரப்பி அனுப்பியவன், ராத்திரி வேறு கப்பலின் விமானம் வந்து நின்றபோது அதன் மூடியைத் திறந்து பார்த்திருப்பான். அடியில் ஈரம் மட்டும் இருந்திருக்கும். கடலில் விழுந்தவர்களை நாசகாரிகள் இரவெல்லாம் தேடின. அடுத்த நாளும் தேடினார்கள். பெரும்பாலானவர்கள் உயிரோடு கிடைத்தார்கள்.